மகிழனின் இடது கண்

கைக்குழந்தை ஒரே நேரத்தில் சிரிக்கவும் கண்ணை விரிக்கவும் செய்யாது. சிரித்தால் கண் சுருங்கும். கண் விரிந்தால் வாய் திறந்து எச்சில் ஒழுகும். சுரேஷ்கண்ணன் பதினான்கு வருடமாகக் கம்பம் ஊரில் குழந்தைகளைப் படம் எடுக்கிறான். ஒரு படத்துக்காக முப்பது நாற்பது முறை எடுப்பான். சிரிப்பை ஒன்றிலிருந்தும் கண்ணை இன்னொன்றிலிருந்தும் எடுத்துக் கம்ப்யூட்டரில் ஒன்றாக்குவான். ஒட்டிய இடம் தெரியாது. பெற்றவர்களே கண்டுபிடித்ததில்லை.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உரக்கடை மாடியில் ஸ்டுடியோ. உத்தமபாளையம், தேவாரம், லோயர் கேம்ப் என்று எல்லாப் பக்கமிருந்தும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். குமுளியிலிருந்தும் வருவதுண்டு. கண்ணுக்காகத்தான் வருகிறார்கள் என்று அவனுக்குத் தெரியும். அவன் எடுத்த படத்தில் குழந்தையின் கண், பார்க்கிறவரைப் பார்க்கும்.

பெரிய குடை விளக்குகளைக் கண்டால் குழந்தைகள் அழும். அதனால் கேமராவின் தலையில் மாட்டிய சின்ன ஃபிளாஷ் மட்டும் போதும் என்று வைத்திருந்தான். அந்த வெளிச்சத்தில் சில பிள்ளைகளின் கண் சிவப்பாக விழும். அதைத் திருத்த அவன் யோசிக்க வேண்டியதில்லை. கை தானாகச் செய்யும்.

தங்கை அனுசுயாவைத் தேவாரத்தில் கொடுத்திருந்தது. அவள் மகன் மகிழன் நாலாவது மாதத்தில் முதல்முறையாக அந்த மாடிக்கு வந்தான். சுரேஷ்கண்ணனின் மனைவி பவானி சொம்புக்குள் புளியங்கொட்டையைப் போட்டுக் குலுக்கினாள். அந்தச் சத்தத்துக்குத் திரும்பாத குழந்தை இல்லை. மகிழன் திரும்பவில்லை. மேலே சுழலும் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஏலே, இங்கன பார்றா. அத்தை கை வலிக்குது.”

“விடுங்க மதினி. அவுக அப்பா ஈ.பி. வேலைக்கு எழுதிப்போட்டாக, கிடைக்கல. இவனாச்சும் போறதுக்கு இப்பயே ஃபேனச் செக் பண்றான்” என்றாள் அனுசுயா.

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு மகிழனும் சிரித்தான். சுரேஷ்கண்ணன் விடாமல் எடுத்தான்.

மறுநாள் மத்தியானம் படங்களைத் திறந்தபோது ஏழெட்டில் இடது கண்ணின் மணிக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது. சிவப்பு இல்லை. வெள்ளை. ஜன்னல் கண்ணாடியில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் என்று நினைத்தான். இவ்வளவுகூட நினைத்தானா என்பது பிற்பாடு அவனுக்கு உறுதியாக இல்லை. வலது கண்ணை நகல் எடுத்தான். திருப்பிப் போட்டு இடது கண்ணின் மேல் வைத்தான். ஒளிப்புள்ளியை இருக்க வேண்டிய இடத்துக்கு நகர்த்தினான். நாலு நிமிடம் ஆனது.

பதினோராம் மாதத்தில் காது குத்து. தேவாரத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் செல்லப்பாண்டி வீட்டாரின் குலசாமி கோயில். செல்லப்பாண்டி அனுசுயாவின் கணவன். கேரளத்து ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசர். சனிக்கிழமை இறங்கி, திங்கட்கிழமை விடியலில் ஜீப் ஏறுகிறவன். மகனை மலைப் பழக்கத்தில் மோனே என்று கூப்பிடுவான்.

ஊர் முக்கில் ஃபிளக்ஸ் கட்டியிருந்தார்கள். எட்டடி உயரத்துக்கு மகிழனின் முகம். நாலாம் மாதத்துப் படம்.

“கண்ணு என்னா கண்ணு மச்சான்! எங்கிட்டு நின்னாலும் என்னையவே பார்க்குது” என்றான் செல்லப்பாண்டி. பிறகு ஃபிளக்ஸைப் பார்த்து, “மோனே, செக்போஸ்ட்டு போலீசு மாதிரி பார்க்காதடா. அப்பன் ஒன்னும் கடத்திட்டு வரல” என்றான்.

தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். அதனால் அன்று சுரேஷ்கண்ணன் கேமராவைப் பவானியிடம் கொடுத்தான். அவளுக்கு அமுக்க மட்டும் தெரியும். பட்டப்பகலில் ஃபிளாஷை அணைக்காமல் எடுத்தாள். ஆசாரி கம்பியை இறக்கியபோது மகிழன் வீறிட்டான். சுரேஷ்கண்ணன் அவன் தலையைத் தன் நெஞ்சோடு பிடித்துக்கொண்டான். குழந்தையின் நெற்றி வியர்வை சட்டையை நனைத்தது.

இரண்டு நாள் கழித்து ஸ்டுடியோவில் பவானி அவனுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தாள்.

“ஏங்க, பிள்ளை கண்ணு பூனைக்கண்ணு மாதிரி மின்னுது. நான் எடுத்ததுனால இப்பிடியா?”

“ஃபிளாஷ நேரா அடிச்சிருக்க.”

“ஒரு கண்ணுலதான மின்னுது?”

“தலையத் திருப்பியிருக்கான்.”

“எல்லாத்துலயுமா திருப்பியிருப்பான்?”

“போய் டீ போடு, போ. ரெண்டு கல்யாண ஆல்பம் கிடக்கு.”

அவள் போனாள். அவன் திருத்தினான். முதல் பிறந்தநாளுக்கு மகிழனின் ஆல்பத்தைச் சீர்த்தட்டில் துணிமணியோடு வைத்துக் கொடுத்தான். அன்று எடுத்த படங்களையும் பிறகு திருத்தி அதில் சேர்த்தான். அந்த வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் அதைப் புரட்டினார்கள். கண்ணைப் பற்றிப் பேசாதவர் இல்லை.

அதற்கப்புறம் ஏழு மாதம் கழித்து ஒரு காலையில் அனுசுயா போன் செய்தாள். ஸ்டுடியோவில் உத்தமபாளையத்து இரட்டைக் குழந்தைகள் ஸ்டூலில் இருந்தன. ஒன்று அழுதது. அவன் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டான்.

“அண்ணே, நேத்து பொழுதடையுற நேரத்துல இவன் கதவுகிட்ட நின்னான். தெருவுல ஒரு வண்டி லைட்டு அடிச்சுச்சு. ஒரு கண்ணு வெள்ளையா மின்னுச்சுண்ணே. எனக்குத் திக்குன்னு ஆயிருச்சு.”

“ம்.”

“பயந்து போய் ஆல்பத்த எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு படமா பார்த்தேன். அம்புட்டுலயும் கன்னங்கரேல்னு இருக்கு. கண்ணுல எதாச்சும் இருந்தா படத்துல தெரிஞ்சிருக்கும்ல?”

“தெரிஞ்சிருக்கும்.”

“அதான் நானும் நெனச்சேன். வெளிச்சம் பட்டிருக்கும்.”

“வெளிச்சம்தான் பட்டிருக்கும். வச்சிரு, கஸ்டமர் இருக்காக.”

அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்கு அந்த நேரத்தில் எதுவும் ஞாபகம் வரவில்லை. ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது கண் திருத்துகிறவன்.

பிறகு அந்தக் கண் மெல்ல மூக்குப் பக்கம் ஓட ஆரம்பித்தது. மாறுகண் அதிர்ஷ்டம் என்றாள் அனுசுயாவின் மாமியார் மொக்கம்மாள். இரண்டாவது பிறந்தநாள் முடிந்த வாரத்தில் கண் சிவந்து வீங்கியது. குழந்தை தலையைத் தரையில் முட்டிக்கொண்டு அழுதான். தேனியில் பார்த்த டாக்டர் ஒரு சீட்டு எழுதி, இன்றைக்கே மதுரைக்குப் போங்கள் என்றார்.

மதுரை ஆஸ்பத்திரியில் பெண் டாக்டர் ஒருவர் நிதானமாகப் பேசினார். கண்ணுக்குள் கட்டி. புற்றுநோய் வகை. கண்ணை எடுத்துத்தான் ஆக வேண்டும். எடுத்துவிட்டால் பெரும்பாலும் உயிருக்கு ஆபத்து இல்லை. நரம்பு வழியாக உள்ளே ஏறியிருக்கிறதா என்பது எடுத்த பிறகு, சோதனைக்கு அனுப்பினால்தான் தெரியும்.

செல்லப்பாண்டி நின்றுகொண்டே கேட்டான். உட்காரச் சொன்னபோதும் உட்காரவில்லை. அனுசுயா மகிழனை மடியில் வைத்திருந்தாள். அவன் டாக்டரின் மேசை மணியை எட்டிக்கொண்டிருந்தான். சுரேஷ்கண்ணன் சுவரோரம் நின்றான்.

“பழைய போட்டோ இருக்கா? இந்த நோயில கண்மணி வெள்ளையா மின்னும். ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்துல முதல்லயே தெரிஞ்சிரும். எப்ப ஆரம்பிச்சதுன்னு ஒரு கணக்குக்குக் கேக்குறேன்” என்றார் டாக்டர்.

செல்லில் எடுத்தவை ஃபிளாஷ் இல்லாதவை. அவற்றில் ஒன்றும் தெரியவில்லை. அனுசுயா பைக்குள்ளிருந்து ஆல்பத்தை எடுத்து மேசையில் வைத்தாள். தேனிக்குக் கிளம்பும்போதே அவள் அதைப் பையில் போட்டிருந்தது அப்போதுதான் சுரேஷ்கண்ணனுக்குத் தெரிந்தது.

டாக்டர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். சில படங்களைக் கண்ணருகில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

“ஃபிளாஷ் போட்டு எடுத்ததா?”

“ஆமா டாக்டர். எங்க அண்ணன் எடுத்தது. இந்தா நிக்குதே” என்றாள் அனுசுயா.

டாக்டர் அவனை நிமிர்ந்து பார்த்தார். “கம்ப்யூட்டர்ல திருத்துனீங்களா?”

அறையில் மூன்று பேரும் அவனைப் பார்த்தார்கள். குழந்தை மணியை அடித்தது.

“கலர் மட்டும்” என்றான்.

டாக்டர் ஆல்பத்தை மூடினார். “ஒரு வயசு வரைக்கும் ஒன்னும் தெரியல. அப்ப அதுக்குப் பிறகு வந்து வேகமா வளர்ந்திருக்கணும். கண்ணு மின்னுனத யாரும் பார்க்கலையா?”

அனுசுயா தலையைக் குனிந்தாள். “ஒரு நாள் பார்த்தேன்.”

“எப்ப?”

“அஞ்சு மாசம் இருக்கும்.”

செல்லப்பாண்டி அவளைத் திரும்பிப் பார்த்தான்.

“சின்னதா இருக்கும்போதே வந்திருந்தா கண்ணைக் காப்பாத்தியிருக்க முடியுமா?” சுரேஷ்கண்ணன் கேட்டான். தன் குரல் அவனுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

“ரொம்ப முன்னாடின்னா முயற்சி பண்ணியிருக்கலாம். மருந்து இருக்கு, லேசர் இருக்கு. இப்ப அதப் பேசி ஆகப்போறது ஒன்னுமில்ல. இனி செய்ய வேண்டியதப் பார்ப்போம்.”

வெளியே வந்ததும் செல்லப்பாண்டி வராந்தாவில் நின்றான்.

“அஞ்சு மாசமா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல.”

“ஆல்பத்துல நல்லா இருந்துச்சுங்க. அதான்…”

“ஆல்பத்த என்னத்துக்குப் பார்க்குற? பிள்ளையப் பார்க்க வேண்டியதுதான? நான் மலையில கிடக்குறவன். நீ பகல் பூரா மடியில வச்சிருந்தியே அனு. உனக்குத் தெரியலையா?”

மகிழன் அவள் தாலிக்கொடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். சுரேஷ்கண்ணன் அப்போது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தான். “தண்ணி வாங்கிட்டு வாரேன் மாப்ள” என்றான்.

கம்பத்துக்கு வந்ததும் நேராக மாடி ஏறினான். முகம் கழுவவில்லை. அசல் படங்களை அவன் அழிப்பதில்லை. எல்லாம் ஹார்ட் டிஸ்கில் தேதி வாரியாக இருந்தன. மகிழன் பெயரைத் தேடினான். நாலாம் மாதம். பொங்கல். காது குத்து. முதல் பிறந்தநாள்.

நாலாம் மாதத்தில் வெள்ளை ஒரு குருணை அளவு. கண்மணியின் ஓரத்தில், தலையைச் சாய்த்த படங்களில் மட்டும். பொங்கலில் கொஞ்சம் பெரிது. காது குத்தில் மணியின் பாதி. பிறந்தநாளில் தலை எப்படி இருந்தாலும் தெரிந்தது. கேக்கை நோக்கிக் குனிந்த படத்திலும் தெரிந்தது. வரிசையாக வைத்துப் பார்த்தான். அது வளர்ந்ததை ஆரம்பத்திலிருந்து பார்த்தவன் உலகத்தில் அவன் ஒருவன்தான். பார்த்து, ஒவ்வொரு முறையும் அழகாக மூடியவனும் அவன்தான்.

பவானி எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அன்னைக்கே கேட்டேன்” என்றாள்.

“ம்.”

“டீ போடச் சொன்னீங்க. போயிட்டேன். இன்னும் ரெண்டு வார்த்தை கேட்டிருக்கணும்.”

அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“டாக்டர் கேட்டாக. கலர் மட்டும்னு சொல்லிட்டேன்.”

பவானி சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். கீழே உரக்கடையில் மூட்டை இறக்கும் சத்தம் கேட்டது.

“அனுவ அங்கன என்ன பேசுறாக?”

“மாப்ள கேட்டாரு. அவ பேசாம நின்னா.”

“பழிய அவ சுமந்துக்கிட்டு நிக்கிறா.”

“ம்.”

“சொல்லிருங்க. ஆப்பரேஷன் முடியட்டும்னு தள்ளிப்போட்டா அப்புறம் சொல்ல மாட்டீங்க. உங்களப் பத்தித் தெரியும்.”

“சொன்னா அவ என் மூஞ்சியில முழிக்க மாட்டா.”

“முழிக்க வேணாம். அவ மேல தப்பில்லைன்னு அவளுக்காவது தெரியணும்ல?”

ஆப்பரேஷன் வியாழக்கிழமை என்று முடிவானது. செவ்வாய்க்கிழமை அனுசுயா போன் செய்தாள்.

“நாளைக்கு வரும்போது கேமராவக் கொண்டு வாண்ணே. ஒரு படம் எடுக்கணும்.”

“என்ன படம்?”

“ரெண்டு கண்ணோட ஒன்னு. நல்லா இருந்தப்ப எடுத்தது இருக்கு. ஆனா இந்த வயசுல, இந்த மூஞ்சியோட ஒன்னும் இல்லல? பெரியாளானா கேப்பான். காட்டணும்.”

ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்தில் ஒரு லாட்ஜில் அறை எடுத்திருந்தார்கள். புதன்கிழமை மத்தியானம் அவன் போனபோது செல்லப்பாண்டி ரத்தப் பரிசோதனை முடிவு வாங்கப் போயிருந்தான். மொக்கம்மாள் பின்பக்கக் குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். அனுசுயா மகிழனுக்குச் சட்டை மாட்டித் தலை சீவியிருந்தாள். சொட்டு மருந்தில் வீக்கம் கொஞ்சம் வடிந்திருந்தது. கன்னத்தில் மை வைத்திருந்தாள்.

“எங்கன உக்கார வைக்கட்டும்?”

“ஜன்னல்கிட்ட. வெளிச்சம் வருது.”

ஜன்னல் வெளிச்சத்தில் ஃபிளாஷ் வேண்டாம். கண்ணில் ஒன்றும் தெரியாது. அப்படி ஒரு படம் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போய்விடலாம். அவன் அதையும் யோசித்தான். ஜன்னலுக்கு வெளியே இன்னொரு கட்டடத்தின் சுவர். குழந்தையின் முகம் இருட்டாக விழுந்தது.

“ஃபிளாஷப் போடுண்ணே. மூஞ்சி தெரிய வேணாமா?”

போட்டான். மகிழன் தண்ணீர் பாட்டில் மூடியைத் தரையில் உருட்டிக்கொண்டிருந்தான். அனுசுயா கை தட்டினாள். “மகி, மாமாவப் பாரு. மாமா எங்க?”

குழந்தை நிமிர்ந்து பார்த்தான். சிரித்தான். சிரித்தபோதும் கண் சுருங்கவில்லை. பதினான்கு வருடத்தில் சுரேஷ்கண்ணனுக்குக் கிடைத்த படங்களில் ஒரே முறையில் முழுதாக அமைந்தது அது.

“காட்டு.”

அவன் கேமராவைத் திருப்பினான். சின்னத் திரையில் இடது கண் முழுவதும் வெள்ளையாக இருந்தது.

அனுசுயா ரொம்ப நேரம் பார்த்தாள்.

“இப்பிடித்தான் தெரியுமா?”

“ஆமா.”

“இத மாத்த முடியுமா?”

“முடியும்.”

“எப்பிடி?”

“இந்தக் கண்ண எடுத்து, திருப்பி, அந்தக் கண்ணு மேல வைக்கணும்.”

“ரொம்ப நேரம் ஆகுமா?”

“நாலு நிமிசம் ஆகும்.”

அவள் கேமராவிலிருந்து பார்வையை எடுத்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

“இதுக்கு முந்தி செஞ்சிருக்கியா? யாருக்காச்சும்?”

அவன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான்.

“மகிக்குச் செஞ்சிருக்கேன்” என்றான். “நாலாம் மாசத்துல செஞ்சேன். பொங்கலுக்கு, காது குத்துக்கு, பிறந்தநாளுக்கு. எல்லாத்துலயும் வெள்ளையா இருந்துச்சு அனு. ஃபிளாஷ்னு நெனச்சேன். சத்தியமா ஃபிளாஷ்னுதான் நெனச்சேன். டாக்டர்கிட்டச் சொன்னது பொய்.”

குழாயடியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. மூடி கட்டிலுக்கு அடியில் உருண்டு போனது. மகிழன் படுத்துக் கையை நீட்டித் துழாவினான். அனுசுயா குனிந்து அதை எடுத்து அவனிடம் கொடுத்தாள். நிமிரும்போது அவள் முகம் மாறியிருந்தது. அழுகை இல்லை.

“நான் அன்னைக்கு ஆல்பத்தத்தான பார்த்தேன்” என்றாள்.

“ஆமா.”

“ஒவ்வொரு படமா பார்த்தேன். விரல வச்சு வச்சுப் பார்த்தேன்.”

“அனு.”

“உனக்குப் போன் போட்டேன். தெரிஞ்சிருக்கும்னு சொன்ன.”

“ஞாபகம் வரல. அப்ப எனக்கு…”

“பேசாத.”

அவள் சுவரில் சாய்ந்து நின்றாள். புடவைத் தலைப்பை எடுத்து வாயில் அழுத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் தோள் குலுங்கியது. சத்தம் வரவில்லை. மகிழன் அவள் காலைக் கட்டிக்கொண்டு அண்ணாந்து பார்த்தான்.

“மாப்ள வந்ததும் சொல்லிர்றேன்” என்றான் சுரேஷ்கண்ணன். “உன் மேல தப்பே இல்லைன்னு அவருகிட்டச் சொல்றேன். உங்க அத்தைகிட்டயும் சொல்றேன். என்ன வேணாலும் செய்யட்டும். கால்ல விழுறேன்.”

“சொல்லக் கூடாது.”

“என்ன?”

“அவுககிட்டச் சொல்லக் கூடாது. யார்கிட்டயும் சொல்லக் கூடாது.”

“அவுக உன்னைய ஏசுறாக அனு. நான் பார்த்துக்கிட்டு எப்பிடி…”

“பார்த்துக்கிட்டு இரு.” அவள் முகத்தைத் துடைத்தாள். குரல் தாழ்ந்திருந்தது. “சொல்லிட்டா உனக்குப் பாரம் இறங்கிரும். அழுவ, கால்ல விழுவ, அவுக ரெண்டு அடி அடிப்பாக. பஸ் ஏறிருவ. அப்புறம் நீ தேவாரத்துக்கு வர முடியாது. நான் கம்பத்துக்கு வர முடியாது. விட மாட்டாக. அம்மாவும் இல்ல, அப்பாவும் இல்ல. ஒத்தக் கண்ணோட இவன வளக்கணும். என்னென்ன வருமோ தெரியல. ஒரு நாள் அங்கன இருக்க முடியலைன்னா நான் எங்க போவேன்? எனக்குப் போறதுக்கு ஒரு வீடு வேணும்.”

“அனு…”

“உனக்காகச் சொல்லல. அத நல்லா வெளங்கிக்கோ.”

குழாய்ச் சத்தம் நின்றது. மொக்கம்மாள் ஈரத்துணியோடு வந்தாள். கேமராவைப் பார்த்தாள்.

“என்ன தம்பி, எடுத்தாச்சா? நல்லா விழுந்திருக்கா?”

“நல்லா விழுந்திருக்கு அத்தை” என்றாள் அனுசுயா.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குக் குழந்தையை உள்ளே கொண்டுபோனார்கள். அனுசுயாதான் கதவு வரை தூக்கிப் போனாள். ஒரு நர்ஸ் கையை நீட்டினாள். மகிழன் நர்ஸின் காதிலிருந்த தோட்டைப் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனான்.

நாலு பேரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பவானி முதல் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். மணி ஒன்பதரை ஆனது. பிறகு மொக்கம்மாள் யாரிடம் என்றில்லாமல் ஆரம்பித்தாள்.

“பிள்ளைய எறும்பு கடிச்சாக்கூடப் பெத்தவளுக்குத் தெரிஞ்சிரும். இங்கன ஒரு கண்ணே போயிருச்சு. என்னத்தப் பார்த்துக்கிட்டிருந்தாளோ. செல்போனத்தான் பார்த்திருப்பா.”

“விடாத்தா” என்றான் செல்லப்பாண்டி.

“என்னத்த விட? ஊருல கேப்பாகள்ல? அஞ்சு மாசமா தெரிஞ்சும் மூடி மறைச்சிருக்காளேன்னு சொல்ல மாட்டாகளா?”

அனுசுயா கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுரேஷ்கண்ணன் எழுந்தான். “அத்தை, அனு மேல தப்பில்ல. நான்…”

“அண்ணே.”

அவள் திரும்பவில்லை. கதவைப் பார்த்தபடியே சொன்னாள்.

“அத்தை மாத்திரை போடணும். கீழ போய் இட்லி வாங்கிட்டு வா.”

“அண்ணன் வரிஞ்சு கட்டிக்கிட்டு வாராரு பாத்தியா” என்றாள் மொக்கம்மாள்.

“மச்சான ஏன் இழுக்குற? பாவம், அவரு என்ன செய்வாரு” என்றான் செல்லப்பாண்டி. அவன் கண் கலங்கியிருந்தது. எழுந்து வந்து சுரேஷ்கண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டான். “மச்சான், நீங்க அந்த ஆல்பத்தப் போட்டுக் குடுக்காட்டி எம்பிள்ளை கண்ணு எப்பிடி இருந்துச்சுன்னே எங்களுக்குத் தெரியாமப் போயிருக்கும். அது ஒன்னுதான் மச்சான் இனி எங்களுக்கு.”

சுரேஷ்கண்ணன் அவன் கையிலிருந்து தன் கையை எடுத்துக்கொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது. படி இறங்கினான். கடையில் கூட்டம் இருந்தது. எத்தனை என்று கேட்டார்கள். எதுவும் தோன்றவில்லை. பொட்டலங்கள் கைக்கு வந்தன. மேலே ஏறினான்.

அனுசுயா பொட்டலங்களை வாங்கிப் பிரித்தாள். சட்னியை ஊற்றினாள். மாமியாருக்கு ஒன்று கொடுத்தாள். மாத்திரையை எடுத்து வைத்தாள். கணவனுக்கு ஒன்று. மூன்றாவதைப் பெஞ்சில், தனக்குப் பக்கத்தில், விரித்து வைத்தாள்.

“உக்காரு. சாப்பிடு.”

“நீ?”

“நீ சாப்பிடு.”

உட்கார்ந்தான். பிட்டு வாயில் வைத்தான். மொக்கம்மாள் மாத்திரையை விழுங்கித் தண்ணீர் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தாள். அனுசுயா கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் மென்றான்.